டம்ளரில் என் விரல் இல்லாத மூன்று நாட்கள்

என் அத்தானுக்கு, எந்த உலகத்தில் எந்தப் படியில் இருந்தாலும், செல்லம் கும்பிட்டு எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: எழுத்து வட்டத்துக்குத் தெற்கே நான். வடக்கே அடுத்த வீட்டுப் பங்கஜம். தூணை ஒட்டி உங்கள் தம்பி பழனிவேல், உட்காரச் சொல்லியும் உட்காராமல். வாசல்படிக்கு உள்ளே விரித்த பாயில், கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த மரியம் பீவி. ஆக நான்கு பேர். ஐந்தாவதாக நீங்கள் இருந்தீர்களா, அத்தான்?

உங்களைக் கூப்பிட்டு இதுவரை உட்கார்ந்தது முப்பத்தோரு தடவை. இருபத்தெட்டுத் தடவை ‘வந்தார்’ என்றும் மூன்று தடவை ‘வரவில்லை’ என்றும் நோட்டில் எழுதியிருக்கிறேன். போன வெள்ளிக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவது?

இந்தக் கடிதத்தை ஒட்டி மூடி வைக்கப் போவதில்லை. என்னைப்போல் கவிழ்த்த டம்ளருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ, அவர்களும் வாசிக்கட்டும். பங்கஜத்திடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று இத்தனை மாதமாய் எதையும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது எது உங்களுக்குத் தெரியும், எது தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

தையல் மிஷின் ரிப்பேர் பார்க்க நீங்கள் கோட்டைப்பட்டினம் போன அன்று, விளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்களை வாடகைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். உங்களோடு போய் வேறு தெருவில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் மிஷின் கடை ராமையாதான் கூட வந்தார். கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்றபோது மயங்கி விழுந்தீர்கள் என்றும், வாங்கிக் கொடுத்த சோடாவைக் குடித்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் அவர் சொன்னார். அதைத்தான் வந்தவர்கள் எல்லோருக்கும் நானும் சொன்னேன். நமக்குப் பிள்ளை இல்லாததால் பழனிவேல் கொள்ளி வைத்தார்.

மூன்றாம் மாதம் பங்கஜம் வந்தாள். அவளுடைய ஏழு வயது மகள் காய்ச்சலில் போனது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் அந்தக் குழந்தைக்கு மருந்து வாங்க ஓடினீர்கள். அவள் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து ஒரு புஸ்தகம் வாங்கி வந்திருந்தார். செத்தவர்கள் எங்கேயும் போய்விடுவதில்லை, படிப்படியாக ஏழு உலகம் இருக்கிறது, முதல் வருஷம் முழுக்க அன்பு வைத்தவர்களுக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள், கூப்பிட்டால் பேசுவார்கள் என்று அதில் போட்டிருந்தது. நான் அதை நான்கு தடவை வாசித்தேன். ஸ்கூலுக்குப் போகாமல் பழனியாண்டவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தானாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். அச்சில் இருப்பது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி எழுத்துக்களை எழுதி ஒரு பலகைமேல் வட்டமாக அடுக்கினோம். நடுவில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, பங்கஜம் ஒரு விரல், நான் ஒரு விரல். முதல் நாள் கந்தர் பேரைச் சொல்லிக் கண்ணை மூடினேன். டம்ளர் நகர்ந்தது, அத்தான். குளிர்ந்த கண்ணாடி என் விரலுக்குக் கீழே உயிருள்ளது மாதிரி நகர்ந்தது. அன்றைக்குத்தான் நான் மூன்று மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதற்குப்பின் ஒவ்வொரு வெள்ளியும் நோட்டில் ஏறியது. யார் யார் இருந்தார்கள், யார் எந்தத் திசை, என்ன கேட்டோம், என்ன வந்தது. வீட்டில் எதையும் எழுதி வைக்கிற பழக்கம்தான் இதிலும். நான்காம் தடவை, கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டேன். ‘பஸ்ஸுக்கு நின்றேன். சோடா குடித்தேன். நெஞ்சு வலித்தது. செல்லம் என்று கூப்பிட்டேன்’ என்று வந்தது. அந்தப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எத்தனை நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன் என்று இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் நெருங்கி வர வர எனக்கு ஒரு பயம் பிடித்தது. தலைத்திவசம் ஆகிவிட்டால் ஆத்மாவின் கட்டு அறுந்து அடுத்த உலகத்துக்கு ஏறிவிடும், அங்கிருந்து பலகைக்கு இறங்கி வருவது அரிது என்று புஸ்தகத்தில் இருந்தது. இருபத்தாறாம் தடவை கேட்டேன்: திவசம் செய்யட்டுமா? ‘வேண்டாம். என்னை அனுப்பாதே’ என்று வந்தது. நீங்களே சொன்னபின் வேறு யார் சொல்லை நான் கேட்க வேண்டும்? பழனிவேலிடம் திவசம் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் மூன்று தடவை வந்து கேட்டார். மூன்றாவது தடவைதான் போன வெள்ளிக்கிழமை. எப்போதும் என் முகத்தைப் பார்த்துப் பேசாதவர், அன்றைக்கு நேராகப் பார்த்துச் சொன்னார்.

“எங்க அண்ணன் எள்ளுந் தண்ணியும் இல்லாம அலையணுமாண்ணி? ஒங்க ஆசைக்கு அவுகள வாசல்லயே கட்டிப் போட்டு வச்சிருக்கீங்களா?”

“அவுகளே வேண்டாம்னாக” என்றேன்.

“எங்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. நான் இங்கனதான நிக்கிறேன்.”

பங்கஜமும் நானும் வட்டத்தை விரித்துத் தயாராக வைத்திருந்தோம். உட்காரப் போகும்போதுதான் வாசலில் குரல் கேட்டது. வெள்ளைத் துப்பட்டி போட்ட பெண், நாற்பது வயது இருக்கும். மிஷின்காரய்யா வீடு இதுதானா என்று கேட்டாள். கையில் உங்கள் மூக்குக் கண்ணாடிக் கூடு.

உங்கள் கண்ணாடி கடைத்தெருக் கூட்டத்தில் தொலைந்துவிட்டது என்று ராமையா சொல்லியிருந்தார். அது தன் தையல் மிஷின் டிராயருக்குள் பதினோரு மாதமாக இருந்தது என்றாள் மரியம் பீவி. மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் புதுக்கோட்டை வந்தவள், பஸ் ஸ்டாண்டிலிருந்து கடையை விசாரித்து, கடையிலிருந்து வீட்டை விசாரித்து வந்திருக்கிறாள். வருஷம் திரும்பப் போகிறது, இனியும் சொல்லாமல் வைத்திருக்க நெஞ்சு கேட்கவில்லை என்றாள்.

நீங்கள் கடைத்தெருவில் விழவில்லையாம். அவள் வீட்டில், திறந்து போட்ட மிஷினுக்கு முன்னால், ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு வேர்க்கிறது என்றீர்களாம். தண்ணீர் கேட்டீர்களாம். அவள் கொடுத்தாள். இரண்டு குவளை குடித்தீர்கள். பாய் விரித்துப் படுக்க வைத்து, அவளும் அவள் உம்மாவும் விசிறினார்கள். டாக்டரைக் கூட்டி வர ஆள் போயிற்று. சோடா இல்லை. வெயிலில் நிற்கவில்லை. ஒரு வீட்டுக்குள், பாயில், தலைக்குத் தலையணை வைத்துத்தான் கிடந்தீர்கள்.

நான் கேட்டேன், அத்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “பேரு ஒண்ணும் சொல்லலை, லாத்தா. பஸ் போயிருச்சான்னு கேட்டாக. ரெண்டு வாட்டி. பஸ்ஸு போயிருச்சுதான். ஆனாலும் போகலைங்க, இன்னும் வரவே இல்லைன்னு சொல்லிட்டேன். அப்பச் சரின்னு கண்ணை மூடுனாக.”

கூடத்தின் நடுவில் எழுத்து வட்டமும் கவிழ்த்த டம்ளரும் அப்படியே இருந்தன. மரியம் பீவி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏதோ பூஜை நடுவில் வந்துவிட்டோம் என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டாள். பழனிவேல் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். வந்து, “அவுகளுக்குக் காப்பி போடுங்கண்ணி, வெயில்ல வந்திருக்காக” என்றார். அவ்வளவுதான் சொன்னார். போகும்போது அவளை பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டது அவர்தான்.

மறுநாள் காலை கடைக்குப் போய் ராமையாவைக் கேட்டேன். மறுக்கவில்லை. துலுக்க வீட்டில், அவர்கள் தண்ணீர் வாயிலிருக்க உயிர் போயிற்று என்றால் ஊரில் என்ன பேசுவார்களோ, வீட்டுக்குள் எடுக்க விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து, வருகிற வழியில் காருக்குள்ளேயே யோசித்து வைத்த பொய்யாம் அது. சோடாவும் அவர் சேர்த்ததுதான். “நல்லதுக்குத்தான் சொன்னேன்” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்ன பொய்க்குப் பதினோரு மாதமாக ஒரு மனிதர்தான் பொறுப்பு. என் நோட்டில் இருக்கிற பொய்க்கு யார்?

நீங்கள் எப்படி அத்தான் அந்தப் பொய்யைச் சொன்னீர்கள்? நடந்தது உங்களுக்குத் தெரியும். ராமையாவுக்குத் தெரியும். மரியத்துக்குத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். பலகையோ எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லியிருக்கிறது. சோடாவை விடாமல் சொல்லியிருக்கிறது.

அன்று பகல் முழுக்க அடுப்பு மூட்டவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ‘வரவில்லை’ என்று எழுதிய மூன்று நாட்களில் கண் நின்றது.

மூன்றும் நான் வீட்டுக்கு விலக்காகப் பின்கட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள். மற்ற மாதங்களில் நாளைத் தள்ளி வைத்துக்கொண்டோம். மூன்று தடவை முடியவில்லை. பங்கஜம் ஊருக்குப் போவதாக இருந்தது ஒன்று, ஆடி வெள்ளி ஒன்று, இன்னொன்று என் அவசரம். வட்டத்தைத் தொடாமல், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, அங்கிருந்தே கேள்வி கேட்டேன். பங்கஜம் மட்டும் விரல் வைத்தாள். கல்யாணமான புதிதில் நாம் முதலில் சண்டை போட்டது எதற்கு என்று கேட்டபோது டம்ளர் அசையவே இல்லை. இன்னொரு நாள் ‘நலம், நலம்’ என்று மட்டும் வந்தது. கடைசி நாள் நமக்கு இல்லாத ஒரு மகனைப் பற்றி வந்தது.

அதற்குக் கீழே என் கையெழுத்தில் என்ன எழுதியிருக்கிறேன், தெரியுமா? ‘என் தீட்டினால் வரவில்லை. தப்பு என்னுடையது.’ விலக்கு முடிந்து தலைக்குக் குளித்து அடுத்த வெள்ளி உட்கார்ந்ததும், ஊறுகாய் ஜாடி உடைந்ததற்குத்தான் முதல் சண்டை என்று டம்ளர் ஓடிப்போய் எழுதியது. பார்த்தாயா, சுத்தமாக இருந்தால் வருகிறார் என்று பங்கஜத்திடம் பெருமையாகச் சொன்னேன். சுத்தம் வந்ததால் நீங்கள் வரவில்லையே, அத்தான். என் விரல் வந்ததால்தானே பதில் வந்தது?

நான் தள்ளவில்லை. முருகன் சாட்சியாகத் தள்ளவில்லை. தெரிந்து தள்ளியிருந்தால் இவ்வளவு வலிக்காது.

இதைப் பங்கஜத்திடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். என் நோட்டு பொய்யானால் அதே டம்ளரில் அவள் குழந்தை பேசியதும் பொய்தானே? அவள் மகள் ‘அம்மா, எனக்கு இங்கே ஜுரம் இல்லை’ என்று சொன்ன அன்று நானும் சேர்ந்துதான் அழுதேன். ஆனாலும் மறைக்கக் கூடாதென்று சொன்னேன். மூன்று பக்கத்தையும் விரித்துக் காட்டினேன். அவள் வாசிக்கவில்லை. நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

“நீங்க தள்ளுனீங்கன்னே வச்சுக்கங்கக்கா. தள்ளச் சொன்னது யாரு?”

பிறகு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அவுகளுக்குக் கை இல்லை. நம்ம கையத்தான எடுத்துக்கணும்?” என்றாள்.

அவள் சொல்வது சரியாக இருக்கக் கூடாதா என்று எத்தனை ஆசையாக இருந்தது, தெரியுமா? அந்த ஆசையில்தான் திங்கட்கிழமை மத்தியானம் அந்தக் காரியத்தைச் செய்தேன். வீட்டில் நான் மட்டும். வட்டத்தை அடுக்கினேன். டம்ளரைக் கவிழ்த்து ஒரே விரலை வைத்தேன். ஒரே கேள்வி கேட்டேன். பஸ் போயிருச்சா என்று எதற்கு இரண்டு தடவை கேட்டீர்கள்?

டம்ளர் கிளம்பியது. நேராக ‘செ’ இருக்கிற பக்கம் கிளம்பியது. அது போய்ச் சேருவதற்கு முன்னாலேயே எனக்கு முழுசும் தெரிந்துவிட்டது. ‘செல்லத்திடம் வர’ என்று எழுதப் போகிறது. என் மணிக்கட்டில் நரம்பு இழுத்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன். பாதி வழியில் விரலை எடுத்துவிட்டேன். டம்ளர் நின்றது. ஒரு நூல்கூட அதற்கப்புறம் நகரவில்லை, அத்தான். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் நோட்டில் எழுதவில்லை.

கத்தவேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? எட்டு மாதம் என்னோடு ஆசையாகப் பேசியது யார்? ‘உன் கைச் சாப்பாட்டுக்கு இங்கே ஏங்குகிறேன்’ என்றது யார்? உயிரோடு இருந்தபோது நீங்கள் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லையே. அது எனக்கு ஏன் உறைக்கவில்லை? சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால் வாயே திறக்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கிற மனிதர் அல்லவா நீங்கள். நான் கேட்க ஆசைப்பட்டதையெல்லாம் நானே சொல்லிக்கொண்டு, அதற்கு உங்கள் பேரை வைத்து, கடைசியில் ‘என்னை அனுப்பாதே’ என்பதையும் நானே சொல்லி, அதை வைத்து உங்களை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். எள்ளும் தண்ணீரும் இல்லாமல். பழனிவேல் சொன்னது பொய்யில்லை.

அப்படியென்றால் நீங்கள் எங்கேயுமே இல்லையா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. கும்பிடுகிற கையோடு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன். டம்ளரில் இல்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. என் பேச்சுச் சத்தத்தில் உங்கள் பேச்சு எனக்குக் கேட்காமல் போயிருக்குமோ? எட்டு மாதமும் பக்கத்தில் நின்று, இவள் நிறுத்தட்டும் என்று காத்துக்கொண்டிருந்தீர்களோ?

மரியம் பீவி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இப்போது என்னிடம் உங்களுடையதாக இருக்கிறது. பஸ் போயிருச்சா. அப்பச் சரி. அதை நான் எண்ணிப் பார்க்காத விதம் இல்லை. என்னிடம் வரத்தான் கேட்டீர்களா? மறுநாள் கடையில் வேறு வேலை இருந்ததால் கேட்டீர்களா? அந்நியர் வீட்டில் படுத்துக் கிடக்கிற கூச்சத்தில் கேட்டீர்களா? ஒன்றும் இல்லாமல், வேலை முடிந்து மிஷினைப் பூட்டும்போது வழக்கமாகக் கேட்கிற பழக்கத்தில் வாய் கேட்டதா? எனக்கு வேண்டிய பதில் எதுவென்று எனக்குத் தெரியும். அதனாலேயே நான் அதைச் சொல்லக் கூடாது.

நேற்றுப் பழனிவேல் வீட்டுக்குப் போய், திவசம் செய்யுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டேன். எப்படி மனசு வந்தது என்று அவர் கேட்கவில்லை. “ஐயருட்டச் சொல்லிட்டு வாரேன்” என்று உடனே சட்டையை மாட்டினார். திரும்பி வருகிற வழியெல்லாம், ஓடிப்போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கால் நின்று நின்று வந்தது. நீங்கள் இரண்டாம் உலகத்துக்கு ஏறிப் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்? ஆனாலும் திரும்பிப் போகவில்லை. இதை மட்டும் என் விரலோ என் ஆசையோ செய்யவில்லை. அது நிச்சயமாகத் தெரியும்.

கனவில் நீங்கள் வந்து ஏதாவது சொன்னால் எழுதும்படி மரியத்துக்கு ஒரு தபால் கார்டு போட்டிருக்கிறேன். அன்றைக்கு உங்களைப் பார்த்ததோடு சரி, அவளுக்கு உங்கள் பேர்கூடத் தெரியாது. உங்கள் வாயால் இன்ன பதில் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. அவள் கனவில் வந்து சொன்னாலும் சரி, பழனிவேலிடம் சொன்னாலும் சரி, என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். என் கனவையும் நான் நம்பப் போவதில்லை. பதில் கசப்பாக இருந்தால் இருக்கட்டும். கடை வேலைக்காகத்தான் கேட்டேன் என்றாலும் அதை அப்படியே நோட்டில் ஏற்றுவேன், ஒரு எழுத்து மாற்றாமல். ஒன்றுமே வராவிட்டால் அந்த இடத்தை வெறுமனே விடுவேன். இனி உங்கள் பதிலை நான் எழுத மாட்டேன், அத்தான். சத்தியமாக எழுத மாட்டேன்.

திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பஸ்ஸை எதற்குக் கேட்டீர்கள் என்று அதற்குள் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மாமன் மகளும் உங்கள் வீட்டுக்காரியுமான
செல்லம்மாள்